முத்துப் பற்களும் பீங்கான் படலமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, நகுலேசுவரம் என்னும் சிவாலயத்தின் அருகில், கடலை ஒட்டி ஒரு கேணி இருக்கின்றது. மதிலுக்கு அப்பால் உப்புக் கடல். மதிலுக்கு இப்பால் குளிர்ந்த நன்னீர். அதுவே கீரிமலைத் தீர்த்தம். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் ஆற்றி அங்கே நீராடுவோர் பல்லாயிரவர். 1990ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் அச்சூழலிலிருந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த மக்களும், வழி திறந்தபோது, முதலில் நாடிச் சென்ற இடங்களுள் ஒன்று அக்கேணியாகும்.

இத்தீர்த்தத்தைப் பற்றி வழங்கும் ஐதிகங்கள் இரண்டு. அவை இரண்டும் முகத்தைப் பற்றியவை என்பது கவனிக்கத்தக்கது. கீரி முகம் கொண்ட முனிவர் ஒருவர் இந்நீரில் மூழ்கி மனித முகம் பெற்றார் என்பது ஒன்று. கீரிமலை என்ற பெயரும், நகுலம் என்ற வடசொல்லால் அமைந்த கோயிற் பெயரும் அதனால் வந்தன என்பர். சோழ மன்னன் மகளான மாருதப்புரவீகவல்லி என்பாள், குன்ம நோயும் குதிரை முகமும் நீங்க வேண்டி இங்கு வந்து நீராடி நலம் பெற்றாள் என்பது மற்றொன்று. மா என்பது குதிரை. அம்முகம் அவளை விட்டு நீங்கிய ஊரே மாவிட்டபுரம் என்றும், அங்குள்ள கந்தசுவாமி கோயில் அவள் எடுப்பித்தது என்றும் பெரியோர் கூறுவர்.

வரலாறு எவ்வாறாயினும் ஆகுக. முகத்தில் உள்ள குறை நீங்க வேண்டும் என்ற ஏக்கம் மிகப் பழையது என்பதற்கு இக்கதைகள் சான்றாகும். அந்த ஏக்கத்தைப் பழித்தல் அறிவுடைமையன்று. ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலும் ஆகாது. இளவரசி நீராடியபோது அவள் கொடுத்த விலை ஒன்றுமில்லை. பெற்றது மட்டுமே உண்டு. இக்காலத்துச் சிகிச்சைகளிலோ, பெறுவதும் உண்டு, இழப்பதும் உண்டு. எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பவரே அவற்றால் நன்மை அடைவர்.

அத்தகைய சிகிச்சைகளுள் ஒன்று, முன்பற்களின் முகப்பிலே மெல்லிய பீங்கான் படலத்தை ஒட்டுவது. பல் வைத்தியர்கள் அதனை வெனியர் என்பர். தச்சர் எளிய பலகையின்மீது தேக்கின் மெல்லிய தகட்டை ஒட்டி, முழுவதும் தேக்கே போலத் தோன்றச் செய்வர் அல்லவா? அந்தத் தகட்டுக்கு வழங்கும் பெயரே பல்லுக்கும் வந்தது. பீங்கான் படலத்தின் பருமன் பொதுவாக 0.3 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை. விரல் நகத்தின் அளவு என்று கூறலாம். நிறம் மாறிய பல், முனை உடைந்த பல், சிறுத்த பல், சிறு இடைவெளி உள்ள பல் ஆகியவற்றை அது மறைத்துச் சீராகக் காட்டும். வளைந்து கோணிய பல்லை அது நிமிர்த்துவதில்லை, நிமிர்ந்ததுபோலத் தோற்றுவிக்கும். அவ்வளவே.

இதன் நன்மை தீமைகளை அறிய வேண்டின், பல்லின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். பல்லின் வெளிப்புறத்தில் இருப்பது மிளிரி. எனாமல் என்பதும் அதுவே. மனித உடலில் மிகக் கடினமான பொருள் அது. நிறையில் ஏறக்குறைய 96 விழுக்காடு கனிப்பொருள். அதன் உள்ளே மஞ்சள் சாயல் கொண்ட பன்முதல். அதற்கும் உள்ளே நரம்பும் குருதிக் குழாயும் தங்கும் மச்சை. எலும்பு முறிந்தால் மீண்டும் பொருந்தும். தோல் கிழிந்தால் மீண்டும் வளரும். மிளிரி மட்டும் போனால் போனதே. அதனை உண்டாக்கும் கலங்கள், பல் முரசைக் கிழித்து வெளிவரும்போதே மறைந்துவிடுகின்றன. ஆறு ஏழு வயதிலே கிடைத்த மிளிரியைக் கொண்டே எழுபது எண்பது வயது வரை வாழ்க்கை நடத்த வேண்டும். அது முதல், வட்டி ஈட்டாத முதல்.

மிளிரியின் இயல்பைக் கீரிமலையின் நிலமே விளக்கிக் காட்டும். குடாநாடு சுண்ணக்கல்லாலான நிலம். 1950இல் தொடங்கப்பெற்ற காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அக்கல்லையே நம்பி இயங்கியது. வானத்திலிருந்து வீழும் மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகின்றது. அது பன்னெடுங்காலம் ஊறிச் சென்று சுண்ணக்கல்லை அரித்துக் குகைகளையும் பிலங்களையும் ஆக்குகின்றது. அப்பிலங்களின் வழியே ஓடிய நன்னீரே கீரிமலையில் ஊற்றாக வெளிப்படுகின்றது. மிளிரியும் கல்சியம் சேர்ந்த கனிப்பொருளே. அதுவும் அமிலத்தில் கரைவதே. உண்ட இனிப்பை வாயில் வாழும் பற்றீரியங்கள் அமிலமாக்கும். அவ்வமிலம் மிளிரியை அரிக்கும். நிலத்திலே நிகழ்ந்த கரைவு தீர்த்தத்தைத் தந்தது. பல்லிலே நிகழும் கரைவு சூத்தையைத் தருகின்றது.

இந்தக் கரைவையே நன்மைக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டவர் மைக்கல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் வைத்திய ஆராய்ச்சியாளர். அவருக்கு முன்பே, 1928ஆம் ஆண்டளவில், கலிபோர்ணியாவில் சார்ல்ஸ் பின்கஸ் என்ற பல் வைத்தியர், திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பின்போது அணிவதற்கென மெல்லிய பற்படலங்களை ஆக்கிக் கொடுத்தார். அவை நிலைத்து நிற்பன அல்ல. காட்சி முடிந்ததும் கழற்றிவிடுவர்; அவற்றோடு உணவு உண்ண இயலாது. ஒட்டும் வழி அக்காலத்தில் இல்லை. 1955இல் புவனகோர், பல்லின் மேற்பரப்பில் பொசுபாரிக் அமிலத்தைச் சிறிது நேரம் இட்டுக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் தோன்றும் என்றும், அவற்றுள் பிசின் புகுந்து உறுதியாகப் பற்றும் என்றும் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் ரபாயெல் போவென் என்பவர் அதற்கு ஏற்ற புதிய பிசினை உருவாக்கினார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்புறத்தையும் வேறோர் அமிலத்தால் இவ்வாறே பொறித்து ஒட்டும் முறை வந்தது. நடிகர் சில நாழிகை அணிந்த ஒப்பனை, அதன் பின்னரே பொதுமக்களின் வாயில் நிலையாகக் குடிபுகுந்தது.

ஒட்டுவதற்கு முன் நிகழ்வது யாது? படலத்துக்கு இடம் வேண்டும். ஆகவே பல்லின் முகப்பிலிருந்து, பெரும்பாலும் படலத்தின் பருமனுக்கு ஒப்பாக, மிளிரியை வைத்தியர் அராவி எடுப்பர். சில பற்களுக்கு அராவுதல் மிகக் குறைவாகவே போதும். சிலவற்றுக்கு அதிகம் வேண்டும். பின்னர் அச்சு எடுத்து, ஆய்வுகூடத்தில் படலம் செய்வித்து, நிறமும் பொருத்தமும் பார்த்து ஒட்டுவர். நன்கு செய்யப்பட்ட படலம் 10 முதல் 15 ஆண்டு வரை நிலைக்கும் என எதிர்பார்க்கலாம்; அதற்கு மேலும் நிலைத்தவை பல உண்டு. எனினும் அது என்றென்றைக்கும் உரியதன்று. தேய்ந்தோ உடைந்தோ கழன்றோ போனால் மாற்ற வேண்டும். அராவிய பல் படலமின்றி இருக்க இயலாது. எனவே இச்சிகிச்சையை ஒருமுறை ஏற்றவர் வாழ்நாள் முழுவதற்கும் ஏற்றவர் ஆகின்றார்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கீரிமலையை அடுத்த ஓர் ஊரிலே 23 வயதுப் பெண் ஒருத்தி இருப்பதாகக் கொள்க. சிறுமியாயிருந்தபோது கேணிப் படியில் வழுக்கி விழுந்து, மேல்வாய் முன்பல் ஒன்றின் முனையை உடைத்துக்கொண்டவள் அவள். ஆண்டுகள் செல்ல அப்பல் மெல்லக் கருமை படர்ந்தது. சிரிக்கும்போது மேலுதட்டை இழுத்து மூடும் பழக்கம் அவளிடம் வந்துவிட்டது. இப்பொழுது அவளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கின்றது. நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து வந்த மாமி அவளது முகத்தைப் பார்க்கின்றார்.

“பிள்ளை, அங்கே எங்கள் பெண்கள் எல்லாரும் செய்கிறார்கள். எட்டுப் பல்லுக்கும் பீங்கான் படலம் ஒட்டிவிட்டால் கலியாணப் படத்தில் முத்துப்போல் விழும். காசை நான் தருகிறேன், நீ ஒன்றுக்கும் யோசிக்காதே” என்கின்றார். அன்பினாற் கூறும் சொல்லே அது. பெண்ணும் மகிழ்கின்றாள். இருவரும் பல் வைத்தியரிடம் செல்கின்றனர்.

வைத்தியர் நிழற்படம் எடுத்து, முரசைச் சோதித்து, ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்க்கின்றார். பின்பு கூறுகின்றார்: “தங்கச்சி, கெட்டிருப்பது ஒரு பல். உள்ளே மச்சை இறந்துவிட்டது, அதனால்தான் கருமை. மற்றவை ஏழும் பழுதில்லாத பற்கள். ஒன்றுக்காக அந்த ஏழையும் அராவ வேண்டுமா?”

மாமி விடுவதாயில்லை. “ஒரே நிறமாய் இருக்க வேண்டாமா, டொக்டர்?” என்று கேட்கின்றார்.

வைத்தியர் ஒரு தாளை எடுத்துக் கணக்கு எழுதிக் காட்டுகின்றார். “இப்பொழுது இவவுக்கு 23. படலம் 15 ஆண்டு நிலைத்தது என்றே வைப்போம். 38இல் மாற்ற வேண்டும், 53இல் ஒருமுறை, 68இல் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் எட்டுப் பல்லுக்கும் செலவு. ஒவ்வொரு முறையும் பல்லிலே இன்னும் சிறிது போகலாம். அம்மா இன்றைக்குக் காசு தருவீர்கள். 53 வயதில் யார் தருவது?”

மாமியிடம் அதற்கு மறுமொழி இல்லை.

வைத்தியர் கூறும் வழி வேறு. முதலில் இறந்த பல்லின் வேர்க்குழியைத் துப்புரவு செய்து அடைத்தல். பின்னர் அப்பல்லை உள்ளிருந்தே வெளுக்கச் செய்தல். உடைந்த முனையைப் பல்லின் நிறமுள்ள பிசினாற் கட்டுதல். மற்றைப் பற்களில் படிந்த காறையை நீக்கிச் சுத்தம் செய்தல். சில வாரங்களில் அது நிறைவேறுகின்றது. பல் முற்றும் மற்றவற்றோடு ஒத்துவிட்டதா எனின், இல்லை. கூர்ந்து நோக்கினால் ஒரு சாயல் வேறுபாடு தெரியும். ஆனால் உதட்டை இழுத்து மூடும் பழக்கம் போய்விட்டது. பின்னொரு காலத்தில் அப்பல் மீண்டும் கருமை கொண்டால், அந்த ஒன்றுக்கு மட்டும் பீங்கான் படலமோ முடியோ அணிவிக்கலாம். அந்த வாயில் மூடப்படவில்லை. அராவிய பற்களுக்கோ திரும்பும் வாயில் இல்லை. மீளக்கூடியதை முதலிற் செய்க. மீளமுடியாததை இறுதியிற் செய்க என்பதே இவ்வெடுத்துக்காட்டின் கருத்தாகும்.

இவ்வாறு கூறுவதால் பீங்கான் படலம் எவருக்கும் ஆகாது என்பது பொருளன்று. மற்றோர் எடுத்துக்காட்டு இதற்கு மாறானது. வட மத்திய மாகாணத்தின் அனுராதபுரம் முதலிய இடங்களிலும், வன்னியின் சில பகுதிகளிலும் நிலத்தடி நீரில் புளோரைட்டு மிகுதி. குடிநீரில் அது லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைக் கடத்தலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டல். வெப்ப நாடுகளில் மக்கள் மிகுந்த நீர் பருகுவதால், அதனினும் குறைந்த அளவே நன்று என்பர். அளவோடு இருப்பின் பல்லைக் காப்பதும், அளவு கடந்தால் பல்லைக் கெடுப்பதும் ஒரே பொருளே. பல் உருவாகும் இளமையில் மிகுதியாகப் பருகியவர்க்கு மிளிரியிலே வெண்புள்ளிகளும், கடுமையாயின் கபில நிறக் கறைகளும் குழிகளும் தோன்றும். தமிழ்நாட்டின் தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டத்தவரும் இதனை நன்கு அறிவர்.

அத்தகைய ஊரிலே பிறந்து வளர்ந்த ஒருவரை எண்ணிப் பார்க்க. வயது 35. கிணற்று நீரன்றி வேறு குற்றம் எதுவும் செய்யாதவர். கறை மேலே படிந்ததன்று. மிளிரியின் ஆழத்தில் ஊறியது. மெல்லத் தேய்த்து நீக்கும் முறையும் வெளுக்கும் முறையும் செய்து பார்த்தாயிற்று. போதிய பயன் இல்லை. முரசு நலமாக இருக்கின்றது; சூத்தை இல்லை. பள்ளிக்கூடம் சென்ற நாள் முதலாகக் கையால் வாயை மறைத்துப் பேசியவர் அவர். நேர்முகப் பரீட்சைக்குச் சென்றாலும், மேடையில் ஏறினாலும், அக்கை தானே வாய்க்கு ஏறும். இவருக்குத் தக்க வைத்தியர் தக்க முறையில் ஒட்டும் பீங்கான் படலம் வீண் ஆடம்பரமன்று. அவர் பெறுவது வெண்மை மட்டுமன்று. கையை இறக்கிப் பேசும் விடுதலையும் ஆகும்.

அழகு வேண்டும் என்ற விருப்பம் இவ்விருவர்க்கும் பொதுவே. பல்லின் நிலை ஒன்றல்ல; எளிய வழி எஞ்சியிருந்ததா என்பதும் ஒன்றல்ல. தீர்ப்பை வேறாக்கியவை அவையே. ஆகவே முதல் வினா, கறை எங்கிருந்து வந்தது என்பதாகும். வெற்றிலை, புகையிலை, தேநீர், கோப்பி ஆகியவற்றால் வந்த கறை மேற்கறை. காறை நீக்கிச் சுத்தம் செய்தாலே அது பெரும்பாலும் அகலும். அதற்குப் படலம் ஒட்டுவது, அழுக்கேறிய சுவரைக் கழுவாது இடிப்பதை ஒக்கும். புகையிலையோடு கூடிய வெற்றிலைப் பழக்கம் இருப்பின், பல்லின் நிறத்தைப் பார்க்கிலும் வாய்ப் புற்றுநோயின் அச்சமே பெரிது. தெல்லிப்பழை வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு கீரிமலைக்கு அண்மையிலேயே இருக்கின்றது. வாயில் ஆறாத புண்ணோ வெண்படலமோ உள்ளவர் அழகுச் சிகிச்சைக்கு முன் வைத்தியரை நாடுவதே கடமை. உமிக்கரியும் செங்கட்டித் தூளும் கொண்டு அழுந்தத் துலக்குவோர் கறையோடு மிளிரியையும் தேய்க்கின்றனர். மிளிரி தேயத் தேய உள்ளிருக்கும் மஞ்சள் மேலும் வெளிப்படும்.

இரண்டாவது வினா, வாய் இதற்கு ஆயத்தமாக இருக்கின்றதா என்பது. முரசில் குருதி கசிபவர், சூத்தை உள்ளவர் ஆகியோர் அவற்றை முதலில் குணப்படுத்த வேண்டும். உறக்கத்திற் பல்லை நறநறவெனக் கடிப்பவர்க்குப் படலம் விரைவில் உடையும். இரவிலே பற்காப்பு அணிய இசைந்தாலன்றி அவர்க்கு இது பொருந்தாது. மிளிரி மிகத் தேய்ந்தவர்க்கும் பொருத்தம் குறைவு. ஏனெனில் பிசின் மிளிரியைப் பற்றுவது போலப் பன்முதலை அவ்வளவு உறுதியாகப் பற்றுவதில்லை. வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு, மச்சை பெரிதாகவும் முரசு நிலைபெறாமலும் இருப்பதால், காத்திருத்தலே நன்று. பல் கோணியிருப்பதே குறையாயின், கம்பி கட்டி நிமிர்த்துதல் காலம் எடுப்பினும் பல்லைக் காக்கும்.

மூன்றாவது வினா, செய்பவர் யார், செய்வது எது என்பது. வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்பதிற் குற்றமில்லை. எத்தனை பல், எவ்வளவு அராவுதல், உடைந்தால் என்ன வழி, வேறு சிகிச்சை எதனையும் ஏன் செய்யலாகாது என்பவற்றையும் கேட்க வேண்டும். மெழுகில் அமைத்த மாதிரியையோ, அராவுமுன் பல்லின்மேல் தற்காலிகமாக இட்டுக் காட்டும் மாதிரியையோ பார்த்த பின் இசைவு தருதல் சிறப்பு. பீங்கானை ஒட்டிய பின்னர் வெளுக்கும் மருந்தால் அதன் நிறம் மாறாது. ஆகவே மற்றைப் பற்களை வெளுப்பதாயின் முன்னரே வெளுத்து, அந்நிறத்துக்கு ஏற்பப் படலத்தை அமைக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் இங்கிலாந்திலிருந்து மலிவை நாடி வேற்றுநாடு சென்ற இளைஞர் பலர், படலம் என்று எண்ணி முழு முடி அணிந்து திரும்பியதையும், அதற்காக நல்ல பற்கள் முளைபோல் அராவப்பட்டதையும் அந்நாட்டுப் பல் வைத்தியர்கள் எடுத்துக்காட்டி எச்சரித்துள்ளனர். விடுமுறையில் தாய்நாடு வந்து இரண்டு வாரத்தில் எல்லாம் முடித்துத் திரும்ப விரும்புவோரும் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒட்டும் நாள் ஒன்று. பராமரிக்கும் ஆண்டுகள் பல. கோளாறு நேரும் நாளில் ஒட்டியவர் கடல் கடந்து இருப்பாராயின் யாரிடம் செல்வது?

பராமரிப்பு அரிதன்று, ஆனால் இடைவிடாதது. நாள்தோறும் இருமுறை துலக்கலும், பல்லிடுக்கைச் சுத்தம் செய்தலும், குறித்த காலத்தில் வைத்தியரைக் காணலும் வேண்டும். பீங்கானுக்குச் சூத்தை வராது. அதன் ஓரத்திலே வெளிப்பட்ட பல்லுக்கு வரும். முன்பல்லால் எலும்பு கடித்தலும், போத்தல் மூடி திறத்தலும், நூல் அறுத்தலும் ஆகா.

இன்னும் ஒன்று. முத்துப் போன்ற பல் என்று பெரியோர் போற்றினர். மன்னார்க் கடலில் விளைந்த முத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர், அது தாளைப் போல வெளுத்ததன்று என்று அறிவர். மெல்லிய மஞ்சளும் ஒளி ஊடுருவும் சாயலும் கலந்ததே முத்தின் அழகு. நலமுள்ள பல்லின் இயற்கை நிறமும் அதுவே. சுண்ணாம்புச் சுவரின் வெண்மையைக் கேட்டு வாங்குவோர், முத்தைக் கொடுத்துக் கிளிஞ்சலை வாங்குவோர் ஆவர்.

கீரிமலைக் கேணியில் நீராடி எழுவோர் நீர்ப்பரப்பிலே தம் முகத்தைக் காண்பர். அலை ஓயும் வரை பொறுத்தவர்க்கே முகம் தெளிவாகத் தெரியும். தம் பல்லைப் பற்றித் தீர்மானிப்பவரும் அவ்வாறே, பிறர் சொல்லும் படங்களும் எழுப்பிய அலை அடங்கும் வரை சில நாள் பொறுத்தல் நன்று. அதன் பின்னும் குறை குறையாகவே தெரிந்தால், தக்க வைத்தியரை நாடி, வேண்டியதை வேண்டிய அளவில் செய்துகொள்க. தெரியாவிடின், இருக்கும் பல்லைக் காத்துக்கொள்க.